காந்தம் வைத்தால் விரிசல் மூடுமா?

கேள்வி – ஏப்ரல் 27, மாலை

சார், காட்பாடியில் ஆராய்ச்சி மாணவன். பேரியம் டைட்டனேட் ஓர் அடுக்கு, கோபால்ட் ஃபெரைட் ஓர் அடுக்கு, இரண்டும் சேரும் முகத்தில் 1 மில்லிமீட்டர் விரிசல் வைத்துக் கணக்குப் போட்டேன். இழுவிசையோடு காந்தப்புலமும் கொடுத்தால் ஆற்றல் விடுவிப்பு வீதம் (விரிசல் கொஞ்சம் வளர்ந்தால் எவ்வளவு ஆற்றல் விடுபடும் என்ற அளவு, மைனஸானால் விரிசல் வளராது) குறைந்துகொண்டே போகிறது. புலத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கடைசியில் மைனஸுக்குத்தான் போய் நிற்கிறது. அப்படியானால் காந்தம் வைத்தே விரிசலை நிறுத்தலாம், மூடவும் செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா? காப்புரிமைக்கு எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

ஏப்ரல் 27, இரவு

எழுதாதே.

மைனஸ் வந்ததும் சந்தோஷப்படுவது எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் மைனஸ் என்கிறாயே, அதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. கணக்கில் புலம் வர்க்கமாக, மைனஸ் குறியோடு உட்கார்ந்திருக்கிறது. வர்க்கத்துக்குத் திசை தெரியாது. மின்புலத்தில் இதே கூத்து முன்பே நடந்து முடிந்துவிட்டது. மின்புலம் எப்படிக் கொடுத்தாலும் விரிசலைத் தடுக்கும் என்று சூத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. 1995-இல் பார்க்கும் சன்னும் பி.இசட்.டி.-4 என்ற, அமுக்கினால் மின்னழுத்தம் தரும் பீங்கானை உடைத்துப் பார்த்தார்கள். ஒரு திசையில் புலம் கொடுத்தால் குறைந்த சுமையிலேயே உடைந்தது, எதிர்த்திசையில் கொடுத்தால் கூடுதலாகத் தாங்கியது. பீங்கானுக்குத் திசை தெரிந்திருக்கிறது, சூத்திரத்துக்குத்தான் தெரியவில்லை.

இன்னொன்று. காந்தம் விரிசலை மூடாது, திறக்கும். என் கையிலேயே ஆதாரம் இருக்கிறது. பஸ்ஸரில் ஒலி எழுப்பும் தகட்டின் பீங்கான் முகத்தில் நிக்கல் பட்டை ஒட்டி, காயிலுக்குள் வைத்து ஒரு வாரம் ஓட்டினேன். ஓரத்தில் ஒட்டு விட்டுப்போனது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

முதலில் நீ சொல்ல வேண்டியது: விரிசலின் இரண்டு முகத்திலும் மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் என்ன நிபந்தனை போட்டாய், அவை விரிசலைத் தாண்டும் என்றா, தாண்டாது என்றா?

ஏப்ரல் 28, காலை

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக. பேரியம் டைட்டனேட்டை அமுக்கினால் மின்னழுத்தம் வரும். கோபால்ட் ஃபெரைட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால் நீளம் மாறும். தனித்தனியாக எடுத்தால் இரண்டில் எதுவும் காந்தத்தை மின்சாரமாக்காது. ஒட்டி வைத்தால் ஆக்கும்: காந்தம் ஒன்றின் நீளத்தை மாற்றுகிறது, அது அடுத்ததைப் பிடித்து இழுக்கிறது, அடுத்தது மின்னழுத்தம் தருகிறது. மஞ்சளும் சிவப்பில்லை, சுண்ணாம்பும் சிவப்பில்லை, கலந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அந்த மாதிரி. 1972-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் வான் சுக்டெலன் இதை எழுதினார். 1974-இல் அதே ஆய்வகத்தார் இரண்டையும் சேர்த்து உருக்கி, ஒரே திசையில் உறைய வைத்துச் செய்தும் காட்டினார்கள்.

ஆக எல்லா வேலையும் அந்த ஒட்டின் வழியாகத்தான் நடக்கிறது. ஒட்டு விட்டால் மஞ்சள் தனி, சுண்ணாம்பு தனி. இந்தப் பொருளில் ஆட்கள் ஏன் வேறு எந்த விரிசலையும் விட்டுவிட்டு ஒட்டுமுக விரிசலையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பதற்கு அதுதான் காரணம்.

ஏப்ரல் 28, மதியம்

மின்சாரம், காந்தம் எதுவும் இல்லாத வெறும் இரண்டு பொருள் என்றாலும் ஒட்டுமுக விரிசல் தொல்லைதான். ஒரே பொருளில் விரிசல் முனையை நெருங்க நெருங்கத் தகைவு (பொருளுக்குள் ஒரு பரப்பின் மேல் விழும் விசை), தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறும். இரண்டு பொருள் என்றால் ஏறுவதோடு ஆடவும் செய்யும். 1959-இல் வில்லியம்ஸ் கண்டது. சூத்திரத்தில் தூரத்தின் அடுக்கெண்ணில் மைனஸ் அரையோடு ஒரு கற்பனை எண் சேர்ந்துகொள்கிறது, அதன் அளவை எப்சிலன் என்கிறோம். முனைக்கு மிக அருகில் தகைவு மாறி மாறி இழுவை, அமுக்கம், இழுவை என்று போகும். விரிசலின் மேல்முகம் கீழ்முகத்துக்குள் நுழைந்துவிடும் என்று கணக்கு சொல்லும். கல்லுக்குள் கல் நுழைவதாவது!

பயப்பட வேண்டாம். எப்சிலன் 0.05 என்று வை. 1 மில்லிமீட்டர் விரிசலில், நேர் இழுவையில், இந்த நுழைவு தொடங்கும் தூரம் முனையிலிருந்து ஏறக்குறைய 10-இன் மைனஸ் 34ஆம் அடுக்கு மீட்டர். இயற்பியலில் பேசப்படும் மிகச் சின்ன நீளமான பிளாங்க் நீளத்துக்குப் பக்கத்து வீடு. அங்கே போய் யார் பார்க்கப்போகிறார்கள்?

ஏப்ரல் 28, மாலை

ஒருவர் கேட்டிருக்கிறார், வில்லியம்ஸ் இதை ஏன் அமெரிக்க நிலநடுக்கவியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார் என்று. அவர் மனதில் இருந்தது பாறைப் பிளவு. ஒரு வகைப் பாறையும் இன்னொரு வகைப் பாறையும் சேரும் இடத்தில் பிளவு ஓடினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. 2021 கடைசியில் பேரணாம்பட்டுப் பக்கம் வீடுகள் அதிர்ந்து பாத்திரங்கள் உருண்டபோது பிளஸ் டூ பையன்களுக்கு இந்தத் தாளைப் பற்றித்தான் சொன்னேன். ஒருவனும் கேட்கவில்லை, எல்லோரும் கைபேசியில் ரிக்டர் எண் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 29

தலையில் குட்டு. குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "சார், அடுக்கு e-க்கு. நீங்கள் 10-க்குப் போட்டுவிட்டீர்கள்."

ஆமாம். நுழைவு தொடங்கும் தூரத்தின் சூத்திரத்தில் பை-இல் பாதியை எப்சிலனால், அதாவது 0.05-ஆல், வகுத்தால் 31.4. e-இன் மைனஸ் 31.4ஆம் அடுக்கு என்பது 10-இன் மைனஸ் 14ஆம் அடுக்குக்கு இரண்டு மடங்கு சொச்சம். 1 மில்லிமீட்டரால் பெருக்கினால் 10-இன் மைனஸ் 17ஆம் அடுக்கு மீட்டருக்கு இரண்டு மடங்கு. பிளாங்க் நீளத்துக்கு 18 தானம் தள்ளி. இருந்தாலும் புரோட்டானைவிடச் சின்னது, அதனால் முடிவு மாறவில்லை, மானம்தான் போனது.

மாறும் இடமும் உண்டு. எப்சிலன் அதன் உச்சமான 0.175-க்குப் போனால் அதே தூரம் 0.1 மைக்ரோமீட்டரைத் தாண்டிவிடும். அது பீங்கானுக்குள் இருக்கும் நுண்மணிகளின் அளவோடு ஒப்பிடக்கூடியது. விரிசலை நேராக இழுக்காமல் சறுக்கி இழுத்தால் முகங்கள் தொடும் பகுதி இன்னும் பெரிதாகும். அதற்குத்தான் 1977-இல் கொம்னினோ, முனையருகே இரண்டு முகமும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்றே வைத்துக் கணக்கைத் திருத்தினார். ஆட்டம் போய்விட்டது.

மே 1

விடுமுறை. மச்சான் ஆம்பூரிலிருந்து பிரியாணிப் பொட்டலத்தோடு வந்திருந்தார். ஷூ கம்பெனியில் 22 வருடம், இப்போது சோல் ஒட்டும் பிரிவில் தரம் பார்க்கிறார். இந்த இழையைக் காட்டினேன். எப்சிலனைத் தாண்டிப் போனார், "ஒட்டுமுகம்" என்ற சொல்லில் நின்றார்.

"நாங்க தினம் இதைத்தானே பார்க்கிறோம். சோலைப் பிய்க்கும் மெஷின்ல மாட்டி இழுப்போம். எத்தனை நியூட்டன் வந்துச்சுன்னு குறிப்போம். ஆனா எண்ணைவிட, எங்கே பிஞ்சுதுன்னு பார்க்கணும். தோல் நாரோட பிஞ்சு வந்தா பாஸ். சொல்யூஷன் வழுவழுன்னு சோல் பக்கம் மட்டும் ஒட்டிக்கிட்டு வந்தா, எண் எவ்வளவு வந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தோலின் வழுவழுப்பான மேல்பரப்பைத் தேய்த்து நார் தெரியும்வரை சொரசொரப்பாக்குவார்கள், அப்புறம்தான் பசை. ஏன் என்று கேட்டேன். "பசைக்குப் பிடி வேணும்ல" என்றார். மூன்று சொல்லில் முடித்துவிட்டார். ஒட்டுமுகத்தின் தாங்குதிறன் ஒரே எண் இல்லை, நேராகப் பிரிக்கிறோமா சறுக்கிப் பிரிக்கிறோமா என்பதைப் பொறுத்து மாறும் என்பதை நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். சறுக்கும்போது சொரசொரப்பு ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், அதனால்தான் சறுக்கலில் கூடுதலாகத் தாங்குகிறது. மச்சான் செருப்பைக் கழற்றி, சோலை நுனியில் மேல்நோக்கி மடக்கியும் நீளவாக்கில் தள்ளியும் காட்டினார். மேல்நோக்கி மடக்கியதில் லேசாக விட்டுக்கொடுத்தது. போகும்போது அதைத்தான் போட்டுக்கொண்டு போனார், பாவம்.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. சத்துவாச்சாரியில் காலை ஒன்பதரைக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை.

கேள்வி கேட்ட காட்பாடித் தம்பி பதில் போட்டிருக்கிறான்: மின்சாரம், காந்தம் இரண்டுமே விரிசலைத் தாண்டாது என்று வைத்தானாம். "எல்லாத் தாள்களிலும் அப்படித்தான் சார்." கணக்கு சுலபமாக வரும், அதனால் அப்படி. உண்மையில் அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது? காற்று. சரி, அளந்து பார்ப்போம். வழிமுறை எளிது, கடித உறையின் பின்பக்கத்தில் முடித்தேன்.

1 மில்லிமீட்டர் விரிசல், 10 மெகாபாஸ்கல் இழுவை, விறைப்பு 150 ஜிகாபாஸ்கல் என்று வைத்தால் விரிசல் நடுவில் திறக்கும் அகலம் 0.13 மைக்ரோமீட்டர். தலைமுடி இதைவிட சில நூறு மடங்கு தடி.

மின்சாரத்துக்கு: பேரியம் டைட்டனேட்டின் விடுதிறன் (மின்புலத்துக்கு வழிவிடும் அளவு) காற்றைப் போல ஏறக்குறைய 1400 மடங்கு. 0.13 மைக்ரோமீட்டர் காற்று, மின்சாரத்தின் கண்ணுக்கு 180 மைக்ரோமீட்டர் தடிமன் பீங்கான் மாதிரி. 1 மில்லிமீட்டர் விரிசலுக்கு முன்னால் இது சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. தடுப்புச்சுவர் என்றும் சொல்ல முடியாது, திறந்த வாசல் என்றும் சொல்ல முடியாது. ஹாவும் ஷென்னும் 1994-இல் சொன்ன பாதி கடத்தும் நிபந்தனைதான் இங்கே சரி.

காந்தத்துக்கு: கோபால்ட் ஃபெரைட்டின் உட்புகுதிறன் (காந்தத்துக்கு வழிவிடும் அளவு) காற்றைப் போல 125 மடங்கு. அதே காற்று 16 மைக்ரோமீட்டர் ஃபெரைட்டுக்குச் சமம். 1 மில்லிமீட்டருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, கதவு திறந்தே கிடக்கிறது. யோசித்துப் பார்த்தால் காந்தப்பாயத்தை முழுசாகத் தடுக்கும் பொருள் மீக்கடத்தி ஒன்றுதான். பேரியம் டைட்டனேட் விரிசலுக்குள் மீக்கடத்தி எங்கிருந்து வரும்?

உன் மைனஸ் அந்தச் சுவரிலிருந்து வருகிறது தம்பி. கட்டியது நீ, இடித்துவிட்டு மறுபடி ஓட்டு.

மே 5

நான் வாக்குக் கொடுத்த நிக்கல் பட்டை கதை.

மூன்று வருடம் முன்னால். ரிச்சி தெருவில் வாங்கிய பித்தளைப் பஸ்ஸர் தகடு, 35 மில்லிமீட்டர். வெள்ளிப்பூச்சுள்ள பீங்கான் முகத்தில், பேட்டரி செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையில் ஒரு துண்டை இரட்டைக் குழாய் எபாக்ஸியால் ஒட்டினேன். மேலே துணிக் கிளிப் இரண்டு. மறுநாள் ஒயர் பற்றவைத்து, செப்புக் கம்பி சுற்றிய காயிலுக்குள் வைத்து, கல்லூரி ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். தகடு பாடும் அதிர்வெண்ணுக்குக் கொண்டுபோனதும் அலை எழும்பியது, சில மில்லிவோல்ட். குழந்தை முதல்முறை எழுந்து நின்ற மாதிரி இருந்தது.

ஒரு வாரத்தில் அலை பாதியானது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் பட்டையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, பாம்புச்சட்டை நிறம். ஒட்டு விட்டிருக்கிறது. மாறுதிசைக் காந்தப்புலம் பட்டையை நீட்டிச் சுருக்கி ஒட்டைக் களைப்படைய வைத்துவிட்டது என்று முடிவு கட்டி, வகுப்பிலும் சொன்னேன், இரண்டு வருடம்.

மே 6, அதிகாலை

குடியாத்தம் வாசகி மறுபடியும்: "அந்த ஒரு வாரம் அதை எங்கே வைத்திருந்தீர்கள் சார்?"

ஸ்கூட்டர் டிக்கியில்.

தூக்கம் போனது. அது மே மாதம், வண்டி நிற்பது கூரை இல்லாத இடத்தில். நேற்று அடுப்படித் தெர்மாமீட்டரை டிக்கிக்குள் போட்டு மதியம் பார்த்தேன்: 58 டிகிரி. ஒட்டியது இரவு, 28 டிகிரியில். 30 டிகிரி வித்தியாசம். நிக்கல் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 13 பங்கு விரியும், தகட்டின் பீங்கானான பி.இசட்.டி. சுமாராக 5. வித்தியாசம் 8, முப்பதால் பெருக்கினால் 240. நிக்கலைக் காந்தம் எவ்வளவு இழுத்தாலும் மாறும் நீளம் பத்து லட்சத்தில் 34. வெயில் செய்தது காந்தம் செய்யக்கூடியதைப் போல ஏழு மடங்கு. அதுவும் தினமும் ஒரு தடவை ஏறி இறங்கியிருக்கிறது, எபாக்ஸியும் அந்தச் சூட்டில் இளகியிருக்கும்.

ஒட்டைப் பிரித்தது வேலூர் வெயில். ஏப்ரல் 27 இரவு நான் எழுதிய "கையிலேயே ஆதாரம்" வாபஸ்.

மே 6, மாலை

இன்னும் யோசித்தேன், இது இன்னும் மோசம். நிக்கல் காந்தப்புலத்தில் நீள்வதில்லை, சுருங்கும். சூடு அதை நீட்டுகிறது, நீளவாக்கில் புலம் கொடுத்தால் அது சுருக்குகிறது. அதாவது சூடான டிக்கிக்குள்ளேயே காயிலை ஓட்டியிருந்தால் காந்தம் ஒட்டுக்கு உதவியிருக்கும், 240-இல் 34 குறைந்திருக்கும். தம்பி சொன்னதுதான்! சொன்ன காரணம் தப்பு, முடிவு ஏழில் ஒரு பங்கு சரி.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அடுக்குகளில் காந்தப்புலம் விரிசலைத் தொடுவது பெரும்பாலும் வெயில் தொடுகிற வழியில்தான். ஓர் அடுக்கு நீள விரும்புகிறது, அடுத்தது விடவில்லை, பிணக்கு ஓரத்தில் சறுக்கலாகத் தேங்குகிறது. அதனால் அந்த அடுக்கு நீள்கிறதா சுருங்குகிறதா என்பதைப் பொறுத்து அது விரிசலுக்குத் துணையும் போகலாம், எதிராகவும் போகலாம். கோபால்ட் ஃபெரைட்டில் சுருக்கம் பத்து லட்சத்தில் நூறைத் தாண்டும், ஆகவே உன் பொருளில் காந்தத்தை என் பட்டை அளவுக்கு அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் உன் பொருள் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து ஆறி வருவது. அப்படிச் சூடு ஆறும்போது தேங்கிய பிணக்கை உன் கணக்கில் எங்கேயும் காணோம்.

மே 8

சின்ன விஷயம், ஆனால் இதில் இரண்டு மாதம் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். தம்பியின் செறிவுக் குணகம் (முனையில் தகைவு எவ்வளவு குவிகிறது என்று சொல்லும் எண்) ஒரு தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லையாம். நீ மில்லிமீட்டரில் போட்டாய், அவர்கள் மீட்டரில். எப்சிலன் இருப்பதால் இந்தக் குணகத்தின் அலகுக்குள்ளேயே நீளத்துக்கு ஒரு கற்பனை அடுக்கு ஒளிந்திருக்கிறது. எப்சிலன் 0.05 என்றால், மில்லிமீட்டரிலிருந்து மீட்டருக்கு மாற்றினாலே இழுவைக்கும் சறுக்கலுக்கும் இடையிலான கோணம் 20 டிகிரி திரும்பிவிடும். பொருளில் ஒன்றும் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. ரைஸ் 1988-இல் சொன்ன வழி: ஒரு நீளத்தை அளவுக்கு வைத்துக்கொள், அது எது என்று எழுதிவிடு. மச்சான் மொழியில் சொன்னால், எத்தனை நியூட்டன் என்பதோடு எந்தக் கோணத்தில் இழுத்தாய் என்பதையும் எழுது.

மே 10

சிரிக்காமல் படியுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து பேட்டரி கட்டும் ஒருவர்: "சார், கடையில் மலிவாகக் கிடைக்கும் நிக்கல் பட்டையில் பாதி, இரும்பில் நிக்கல் முலாம். கத்தியால் கீறி உப்புத்தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டுப் பாருங்கள்."

மிச்சத் துண்டு மேசை இழுப்பறையில் இருந்தது. கீறினேன், டம்ளரில் போட்டேன். காலையில் தண்ணீர் தேநீர் நிறம், கீறிய இடத்தில் துரு பூத்திருந்தது. வீட்டில் வேறு, குடிக்கும் டம்ளரா கிடைத்தது என்று.

ஆக அது நிக்கலே இல்லை. சூட்டுக் கணக்கு தப்பித்தது: இரும்பு 12, நிக்கல் 13, 240 என்பது 210 ஆகும், அவ்வளவுதான். ஆனால் காந்தக் கணக்கு மொத்தமும் போச்சு. இரும்பு குறைந்த புலத்தில் லேசாக நீளும், புலம் ஏறினால் சுருங்கத் தொடங்கும், அதுவும் பத்து லட்சத்தில் சில பங்குதான். 34 இல்லை, ஏழில் ஒரு பங்கும் இல்லை. மே 6 மாலை தம்பிக்குக் கொடுத்த மார்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சில மில்லிவோல்ட்டிலும் எவ்வளவு பட்டை தந்தது, எவ்வளவு காயில் நேராக ஒயரில் தூண்டியது என்று இப்போது பிரிக்க வழியில்லை. ஒட்டு விட்டதும் குறைந்ததே, அந்தக் குறைந்த பங்கை மட்டும் நம்புகிறேன்.

மே 14

தம்பியின் புதுக் கணக்கு வந்துவிட்டது. காந்தத்துக்கு வாசல் திறந்தும் மின்சாரத்துக்குப் பாதி திறந்தும் வைத்திருக்கிறான். காந்தப்புலத்தால் வந்த மைனஸ் காணவில்லை. "வருத்தமாக இருக்கிறது சார்" என்று முடித்திருக்கிறான். புரிகிறது.

கூடவே ஒரு நல்ல கேள்வி. பழைய நிபந்தனையில் முனையருகே தூரத்தின் அடுக்கெண்கள் ஐந்து வந்தன: சாதாரண மைனஸ் அரை ஒன்று, எப்சிலனோடு ஆடும் ஜோடி ஒன்று, கப்பா என்ற மெய்யெண்ணோடு ஆடாமல் ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் வரும் ஜோடி ஒன்று. மின்சாரம் மட்டும் உள்ள பீங்கானில் நான்குதான், அங்கே அந்தத் தனி மைனஸ் அரை இல்லை. காந்தம் சேர்ந்ததும் அது எங்கிருந்து வந்தது?

பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்திலிருந்து. மூன்று இடப்பெயர்ச்சி, மின்னழுத்தம், காந்த அழுத்தம், மொத்தம் ஐந்து. இரண்டு பொருளின் வித்தியாசத்தைச் சொல்லும் அணி ஓர் எதிர்ச்சமச்சீர் அணி. ஒற்றைப்படை வரிசை எதிர்ச்சமச்சீர் அணிக்கு அணிக்கோவை பூஜ்யம், ஆகவே ஒரு மூலம் பூஜ்யமாகத்தான் வேண்டும், அதுதான் உன் தனி மைனஸ் அரை. வெறும் மீட்சிப் பொருளில் மூன்று, ஒற்றைப்படை, அங்கேயும் இருக்கும். மின்சாரம் சேர்ந்தால் நான்கு, இரட்டைப்படை, அந்தக் கட்டாயம் இல்லை. காந்தம் சேர்ந்து ஐந்தானதும் திரும்பி வந்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பொங்கல் விடுமுறை முழுசும் ஆனது. எல்லா வாசலையும் திறந்துவிட்டால் கப்பா ஜோடி கிளம்பிப் போய்விடும், தனி மைனஸ் அரையும் வில்லியம்ஸின் ஆட்டமும் மட்டும் மிஞ்சும். உன் பாதி வாசல் இரண்டுக்கும் நடுவில்.

சுத்தமான நிக்கல் தகட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் முதலில் உப்புத்தண்ணீர். டம்ளர் தனியாக வாங்கிவிட்டேன்.